துப்பாக்கி 'ஸ்கின்'னுக்கு ஏன் இவ்வளவு விலை? உண்மையிலேயே அரிதா, வெறும் பில்டப்பா... கண்டுபிடிப்பது எப்படி?

ஆரணியை ஒட்டிய சேவூரில் ஒரு தறி வீடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அப்பா தறியில் உட்கார்ந்து முந்தானை நெய்துகொண்டிருக்கிறார். திண்ணையில் பிளஸ் 1 படிக்கும் பையன், கையில் போன், போனில் பிஜிஎம்ஐ.

"அப்பா, ஒரு ஐடி விலைக்கு வருது. கிளேசியர் எம்416 இருக்குதாம். பன்னிரண்டாயிரம்தான் கேக்கறாங்க. செம ரேர்ப்பா."

"அது என்னடா, துப்பாக்கியா?"

"துப்பாக்கி எல்லாருக்கும் ஃப்ரீப்பா. இது அதுக்கு மேல வர்ற டிசைன்."

அப்பாவுக்குப் புரிந்தது பன்னிரண்டாயிரம் என்ற சொல் மட்டும்தான். அது எத்தனை புடவைக் கூலி என்று மனசுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்திருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த அப்பாவுக்கும் சேர்த்துத்தான். ஒரு ஸ்கின் நிஜமாகவே அரிதானதா, கேட்கிற விலைக்குத் தகுமா என்பதை எப்படிப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்கின் என்றால் என்ன?

விளையாட்டில் வரும் துப்பாக்கி, கத்தி ஆகியவற்றின் மேல் ஏறும் நிறமும் படமும்தான் ஸ்கின். சுடும் வேகம், குறி, தாக்கம் எதுவும் பெரும்பாலான கேம்களில் இதனால் மாறாது. ஃப்ரீ ஃபயர் இதில் ஒரு விதிவிலக்கு. அதில் பல துப்பாக்கி ஸ்கின்கள் தாக்கத்தையோ வேகத்தையோ கொஞ்சம் கூட்டும், பதிலுக்கு வேறொன்றைக் குறைக்கும். அதனால் அங்கே ஸ்கின் வாங்குபவர் அழகுக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை.

இந்தச் சந்தை பெரிதாக வெடித்தது 2013 ஆகஸ்டில். வால்வ் நிறுவனம் தனது 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபன்சிவ்' விளையாட்டில் 'ஆர்ம்ஸ் டீல்' என்ற அப்டேட்டை விட்டது. பெட்டியைத் திறந்தால் ஸ்கின் வரும், வந்த ஸ்கினை அடுத்தவருக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ல் இருக்கும் கோடிக்கணக்கான டாலர் சந்தைக்கு விதை அதுதான்.

முதல் கேள்வி: விற்க முடியுமா?

பட்டுப்புடவை வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? ஜரிகையை. அசல் ஜரிகை என்றால் நடுவில் பட்டு நூல், அதன் மேல் வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம். ஹாஃப் ஃபைன் என்றால் கதையே வேறு. ஜரிகை தெரிந்துவிட்டால் பாதி விலை அங்கேயே முடிவாகிவிடும்.

ஸ்கின்னில் அந்த 'ஜரிகைக் கேள்வி' ஒன்றுதான்: இதை வாங்கியவர் சட்டபூர்வமாக, கம்பெனி அனுமதியோடு இன்னொருவருக்குக் கைமாற்ற முடியுமா?

கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் முடியும். பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வேலரன்ட் மூன்றிலும் துப்பாக்கி ஸ்கின்னைத் தனியாக விற்க வழியே இல்லை. அது அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் சேவூர்ப் பையனுக்கு 'ஸ்கின்' வரவில்லை, 'ஐடி' வருகிறது. ஐடி விற்பதோ அந்தக் கம்பெனிகளின் விதிகளுக்கே எதிரானது. ஆக, விற்க முடியாத ஸ்கின்னுக்கு 'மதிப்பு' என்று ஒருவர் சொன்னால், அது செலவழித்த தொகை. திரும்பி வரும் தொகை அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

விற்க முடிகிற கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் விலை எப்படி முடிவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கணக்கு அங்கேதான் வெளிப்படையாக இருக்கிறது.

நிறம் சொல்லும் தரம்

பெட்டியில் வரும் ஸ்கின்களுக்கு நிறத்தால் தரம் பிரித்திருக்கிறார்கள். நீலம் அடிமட்டம். அதற்கு மேல் ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தங்க நிறம், அதாவது கத்தியும் கையுறையும்.

எவ்வளவு வாய்ப்பு? வெகுகாலம் இது ரகசியம். சீனாவில் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதி வந்த பிறகு, 2017-ல் அங்கு விளையாட்டை நடத்தும் நிறுவனம் வெளியிட்டது. நீலம் 79.92%, ஊதா 15.98%, இளஞ்சிவப்பு 3.20%, சிவப்பு 0.64%, தங்கம் 0.26%.

0.26% என்றால் சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. ஒரு பெட்டியின் சாவி சுமார் இரண்டரை டாலர். சாவிக்கு மட்டும் 960 டாலர் ஆகிவிடும், பெட்டியின் விலை தனி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "385 திறந்தா ஒண்ணு கண்டிப்பா வந்துடும்" என்பது தப்புக் கணக்கு. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிச் சீட்டு. முந்தைய பெட்டியில் வராதது அடுத்த பெட்டிக்குத் தெரியாது. 385 பெட்டி திறந்தும் ஒரு கத்திகூட வராமல் போக சுமார் 37% வாய்ப்பு இருக்கிறது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு மேல் கை வெறுமையாகத்தான் எழுந்திருப்பார்.

பெட்டியில் வரும் ஸ்கின்னில் 10-ல் ஒன்று 'ஸ்டாட்ட்ராக்'. எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று எண்ணிக் காட்டும் சின்ன மீட்டர் அதில் இருக்கும். சிவப்பு, அதிலும் ஸ்டாட்ட்ராக், அதிலும் பெட்டியில் உள்ள இரண்டு சிவப்பில் குறிப்பிட்ட ஒன்று என்று சலித்துக்கொண்டே போனால் வாய்ப்பு சுமார் 3,100 பெட்டிக்கு ஒன்று.

தேய்மானம்: நையாத புடவை

ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 0 முதல் 1 வரை ஒரு தசம எண் உண்டு. 'ஃப்ளோட்' என்பார்கள். 0-க்குப் பக்கம் என்றால் புத்தம் புதுசு, 1-க்குப் பக்கம் என்றால் சுரண்டிப் போனது. 0.07 வரை 'ஃபேக்டரி நியூ', 0.15 வரை 'மினிமல் வேர்', 0.38 வரை 'ஃபீல்ட் டெஸ்டட்', 0.45 வரை 'வெல் வோர்ன்', அதற்கு மேல் 'பேட்டில் ஸ்கார்டு'.

வேடிக்கை என்னவென்றால், விளையாட விளையாட இது தேயாது. புடவை கட்டக் கட்ட நையும், மடிப்பில் விடும். இது பிறந்த அன்றைக்கு என்ன எண்ணோ, கடைசி வரைக்கும் அதே எண். பழசு என்ற பேச்சே இல்லை.

விலையில் இதன் விளையாட்டு எல்லைக் கோட்டில்தான். 0.069-க்கும் 0.071-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று ஃபேக்டரி நியூ, இன்னொன்று மினிமல் வேர். பட்டியலில் விலை எகிறும். விவரம் தெரிந்தவர்கள் 0.071-ஐ வாங்கிக்கொண்டு மிச்சக் காசைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. சில ஸ்கின்களுக்கு எண்ணின் வரம்பையே குறுக்கிவைத்திருக்கிறார்கள். ஏடபிள்யூபி துப்பாக்கியின் 'அசிமோவ்' 0.18-ல்தான் தொடங்கும். அதற்கு ஃபேக்டரி நியூ என்று ஒன்று இருக்கவே முடியாது. "ஃபேக்டரி நியூ அசிமோவ் இருக்கு, சீப்பா தர்றேன்" என்று யாராவது ஏடபிள்யூபி படத்தோடு வந்தால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஒரே டிசைன், வேறு வேறு விலை

இதுதான் புதியவர்களுக்குத் தலை சுற்றும் இடம். தறிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பெரிய அகலமான துணியில் திட்டுத் திட்டாக நீலமும் பொன்னிறமும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்கிருந்து வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு முந்தானை முழுக்க நீலம், இன்னொருவருக்கு மடிப்புக்குள் மறைந்துபோகும் இடத்தில் நீலம். 'கேஸ் ஹார்டன்டு' என்ற ஸ்கின் இப்படித்தான் வேலை செய்கிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஒரு பேட்டர்ன் எண் முடிவு செய்யும். ஏகே-47-ல் 661 என்ற எண் வந்தால் மேல்பக்கம் கிட்டத்தட்ட முழு நீலம். கராம்பிட் கத்தியில் அந்தப் பெருமை 387-க்கு.

கம்பெனி இதற்குத் தனி நிறமோ தரமோ கொடுக்கவில்லை. 661-ம் பொன்னிறமாக வந்த சாதாரண எண்ணும் கம்பெனி பட்டியலில் ஒரே பெயர், ஒரே தரம். வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்து விலை ஏற்றியது முழுக்க வாங்குகிறவர்கள்தான்.

2024 ஜூனில் ஒரு ஏகே-47, இதே 661, ஸ்டாட்ட்ராக், ஃபேக்டரி நியூ, மேலே 2014 கடோவிட்சே போட்டியின் 'டைட்டன்' ஹோலோ ஸ்டிக்கர்கள் நான்கு. 10 லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது. அன்றைய கணக்கில் ரூ.8 கோடிக்கு மேல். போனில் தொட முடியாத, கையில் பிடிக்க முடியாத ஒரு படத்துக்கு!

ஸ்டிக்கர் என்றதும் ஒரு எச்சரிக்கை. துப்பாக்கியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு துப்பாக்கியில் ஒட்ட முடியாது. சுரண்டினால் அழிந்துவிடும். அதனால் ஒட்டிய ஸ்டிக்கருக்கு, ஒட்டாத ஸ்டிக்கரின் முழு விலையைக் கூட்டிக் கேட்பது நியாயமில்லை. சந்தையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். நான்கும் ஒரே ரகமாக, துப்பாக்கியின் நிறத்துக்குப் பொருந்தி இருந்தால் கொஞ்சம் கூடும். கண்டபடி ஒட்டியிருந்தால் சில சமயம் ஒன்றுமே கூடாது.

கதையும் விலையில் சேரும்

'எம்4ஏ4 ஹவுல்' 2014-ல் வந்தது. கொஞ்ச நாளிலேயே அந்தப் படம் வேறொரு ஓவியருடையது என்று தெரிந்தது. வால்வ் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு, படத்தை மாற்றி வரைந்து, ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தது. 'கான்ட்ராபேண்ட்', அதாவது கடத்தல் சரக்கு என்ற தனித் தரமே அதற்காகப் பிறந்தது. புதிதாக ஒன்றுகூட வராது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

போட்டி நடக்கும்போது பார்வையாளர்களுக்குக் கிடைக்கும் 'சூவனிர்' ஸ்கின்களிலும் இந்தக் கதை உண்டு. 2018 ஜனவரியில் சூவனிர் 'டிராகன் லோர்' ஒன்று சுமார் 61,000 டாலருக்குப் போனது. அதில் 'ஸ்கடூடில்' என்ற வீரரின் கையெழுத்து இருந்தது. அவரது அணியான கிளவுட்9 அதே மாதம்தான் பாஸ்டனில் பெரிய போட்டியை வென்றிருந்தது.

அரிது என்றால் விலை கூடுமா? இல்லை. யாரும் எடுத்து விளையாடாத துப்பாக்கியின் மிக அரிய ஸ்கின் சில நூறு ரூபாயில் கிடக்கும். எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடும் ஏகே-47-ன் சுமாரான ஸ்கின் அதைவிட அதிகம் போகும். எத்தனை இருக்கிறது என்பதோடு, எத்தனை பேருக்கு வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும்.

அட்டை யார் கையில்?

இது எல்லாவற்றையும்விட முக்கியம். தறியில் ஜக்கார்டு அட்டை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் டிசைனுக்கு எஜமான். புது டிசைன் போட்ட முதல் மாதம் நல்ல விலை. அதே அட்டை அடுத்த தெருவுக்குப் போய்விட்டால்? தனக்கு மட்டும் என்று நினைத்து அதிக விலைக்கு வாங்கி அடுக்கிவைத்த வியாபாரிக்கு அடி.

2025 அக்டோபர் 22-ம் தேதி கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் நடந்தது அதுதான். ஐந்து சிவப்பு ஸ்கின்களைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் ஒரு அப்டேட் விட்டது. அதுவரை 0.26% அதிர்ஷ்டத்தில் மட்டும் கிடைத்த பொருளுக்கு ஒரு பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரே நாளில் கத்தி விலைகள் சரிந்தன. விலையைக் கண்காணிக்கும் தளங்களின் கணக்கில் மொத்தச் சந்தையில் 150 கோடி டாலருக்கு மேல் கரைந்தது. அதே நேரம் சீந்துவாரில்லாமல் கிடந்த சிவப்பு ஸ்கின்கள் பல மடங்கு ஏறின.

கத்தியை முதலீடு என்று வாங்கி வைத்தவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? நஷ்ட ஈடு கேட்க இடமில்லை. அரிது என்பதை உருவாக்கியவரே ஒரு பட்டனில் அதை மாற்றலாம்.

பட்டியல் விலை, கைக்கு வரும் விலை

ஸ்டீம் சந்தையில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பொருளுக்குக் கழிவு மொத்தம் 15%. வாங்குபவர் 115 ரூபாய் கொடுத்தால் விற்பவருக்கு 100. அதுவும் ஸ்டீம் வாலட்டுக்குள்தான் விழும். வங்கிக் கணக்குக்கு எடுக்க முடியாது. கேம் வாங்கலாம், இன்னொரு ஸ்கின் வாங்கலாம், அவ்வளவுதான். ரொக்கமாக வேண்டும் என்று வெளித் தளங்களுக்குப் போனால் விலை பொதுவாகக் குறைவு.

அதனால் ஒரு ஸ்கின்னின் மதிப்பைப் பார்க்கும்போது, "எவ்வளவுக்குப் போட்டிருக்கிறார்கள்" என்று பார்க்காதீர்கள். கடைசியாக எவ்வளவுக்கு விற்றது, வாரத்துக்கு எத்தனை விற்கிறது என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒன்று விற்கும் பொருளின் 'விலை' வெறும் ஆசை.

சரி, பிஜிஎம்ஐ கிளேசியருக்கு வருவோம்

கிளேசியர் எம்416 பிரபலம்தான், கிடைப்பதும் கடினம்தான். அது பெட்டியில் அதிர்ஷ்டத்தால் வருவது. அடுத்தடுத்த நிலைக்கு ஏற்ற ஏற்ற இன்னும் செலவு. ஆனால் இந்த ரகக் கேம்களில் பழைய ஸ்கின்கள் வேறு பெட்டியில், வேறு பண்டிகையில் திரும்ப வருவது வழக்கம். இன்றைக்கு 'இனி வராது' என்பது அடுத்த வருஷம் வரலாம். வாய்ப்பு விகிதத்தைப் பார்க்காமல் யுசி போடவே கூடாது. இப்படிக் காசு கட்டித் திறக்கும் பெட்டிகளின் விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 முதலும் கூகுள் பிளே 2019 முதலும் விதி வைத்திருக்கின்றன. பெட்டிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறியோ 'ஐ' குறியோ இருக்கும். அங்கே தேடுங்கள்.

வேலரன்ட்டில் பெட்டியே கிடையாது. கடையில் தினமும் நான்கு ஸ்கின் மாறும், விலை முன்கூட்டியே தெரியும். அதிர்ஷ்டச் சீட்டு இல்லை என்ற அளவில் இது கொஞ்சம் நேர்மை. விலை குறைவு என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விளையாட்டே காணாமல் போகும். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்குத் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய ஸ்கின்களை மாற்றிக்கொள்ளக் குறிப்பிட்ட காலம்தான் கொடுத்தார்கள். தவறவிட்டவர்களுக்குப் போனது போனதுதான். 2022 பிப்ரவரி 14-ல் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. 2022 ஜூலை 28-ல் பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கம், 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதத்தில் ஒரு கிளேசியரின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஐடி வாங்கினால் என்ன நடக்கும்?

பெரும்பாலும் நடப்பது இது. பணம் யுபிஐ-யில் போகும். பாஸ்வேர்டு வரும். இரண்டு நாள் விளையாடலாம். மூன்றாம் நாள் உள்ளே போக முடியாது. கணக்கைத் தொடங்கியவரிடம் பழைய மெயில், பழைய போன் நம்பர் இருக்கிறது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒரு அழுத்து அழுத்தினால் கணக்கு அவரிடமே திரும்பிவிடும். அதே ஐடி அடுத்த வாரம் இன்னொரு பையனுக்கு விற்பனைக்கு வரும். கம்பெனியிடம் புகார் சொன்னால், ஐடி வாங்கியதே விதிமீறல் என்று கணக்கையே முடக்கலாம்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் பக்கம் வேறு மாதிரி. நண்பர் கணக்கிலிருந்து "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு" என்று லிங்க் வரும். ஸ்டீம் மாதிரியே இருக்கும் போலிப் பக்கம். உள்ளே போனால் கணக்கின் சாவி திருடனிடம். பிறகு நீங்கள் யாருக்காவது ஸ்கின் அனுப்பும்போது, அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்துவிட்டு அதே பெயர், அதே படத்தோடு திருடனின் கணக்கு முன்னால் வந்து நிற்கும். ஓகே கொடுத்தால் முடிந்தது. 2025 ஜூலையில் வால்வ் ஏழு நாளுக்குள் பரிமாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், காசு கட்டிக் காசு எதிர்பார்க்கும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இதில் 'பணயம்' என்பது ரொக்கம் மட்டுமல்ல. காசாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், பொருள் எல்லாமே அந்த வரையறைக்குள் வரும். ஸ்கின்னை வைத்துப் பந்தயம் கட்டச் சொல்லும் தளங்கள் இதில் மாட்ட எல்லாச் சாத்தியமும் உண்டு. பெட்டி திறப்பதே சூதாட்டமா என்பதில் உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை. பெல்ஜியம் 2018-ல் 'ஆம்' என்றது. நெதர்லாந்தும் முதலில் அதே பக்கம் நின்றது, 2022-ல் அந்நாட்டு உயர் நீதிமன்ற அமைப்பு ஒன்று இஏ நிறுவனத்தின் மீதான அபராதத்தை ரத்து செய்துவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது

பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள். யுபிஐ பின் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம். பிஜிஎம்ஐ வந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம், செலவுக்கு நாளுக்கு ரூ.7,000 என்று வரம்பு அறிவித்தார்கள். நாளுக்கு ஏழாயிரம் என்பது சேவூர் வீட்டுக்கு வரம்பா என்ன? அதை நம்பி இருக்க முடியாது. தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தாமதமானால் வாய்ப்பு குறையும்.

ஐடி வாங்கி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க முடியும். யுபிஐ பரிவர்த்தனை எண், விற்றவரின் யுபிஐ ஐடி, சாட் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். பையன் பயத்தில் சாட்டை அழிப்பதற்கு முன்னால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிடுங்கள்.